சம்மதம் என்ற சொல்லை எப்படித் தமிழில் சொல்வது?

கேள்விப் பெட்டியிலிருந்து எடுத்த ஐந்தாவது சீட்டில் இப்படி எழுதியிருந்தது: “மௌனம் சம்மதத்துக்கு அறிகுறின்னு சொல்றாங்களே, அப்ப அவ ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னுதானே அர்த்தம்?”

பாலியல் கல்வி வகுப்பில் பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடும் பெட்டி அது. எதிரே 14, 15 வயதுப் பிள்ளைகள் 30 பேர் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டைச் சத்தமாகப் படித்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. கேலிக்கு எழுதியது என்றும் தோன்றவில்லை. கையெழுத்து அவ்வளவு நிதானமாக இருந்தது. அந்தப் பிள்ளை உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தது.

அந்தக் கேள்விக்கான பதில் நான் கொடுத்த பாடத்திலேயே இருந்திருக்க வேண்டும். இல்லை. பாடக் கையேட்டைத் தமிழில் கொண்டுவந்தவள் நான். சம்மதம் பற்றி மூன்று பக்கம் இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் பலமுறை சரிபார்த்திருந்தேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவுடனே தமிழ் காதில் தானாக வந்து விழும் பழமொழியை ஒரு வரியில்கூடத் தொடவில்லை. மூலத்தில் அது இல்லை, அதனால் என் பிரதியிலும் இல்லை. மொழிபெயர்ப்பில் தவறு ஒன்றும் இல்லை, பாடம் மட்டும் போய்ச் சேரவில்லை.

பாலியல் கல்வியை ஒரு பண்பாட்டுக்கு ஏற்றபடி மாற்றுவது என்றால் என்ன என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது அந்தச் சீட்டிலிருந்துதான்.

சம்மதம் என்ற சொல்லை நாம் எங்கே அதிகம் கேட்கிறோம்? கல்யாணப் பேச்சில். “பொண்ணுக்குச் சம்மதமா?” என்று கேட்பார்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வி பெண்ணிடம் போகாது, அவளுடைய அப்பாவிடமோ அம்மாவிடமோ போகும். அவர்கள் “சம்மதம்தான்” என்பார்கள். அவள் தலையைக் குனிந்திருந்தால் அதுவும் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும். ஒரு முறை சொல்லியாகிவிட்டால் அது ஆயுளுக்கும். இப்போது என் கையேடு சொன்னதைப் பாருங்கள்: சம்மதத்தை அவரவர்தான் சொல்ல வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு முறையும் தனியாகக் கேட்க வேண்டும், பாதியில் மனம் மாறினால் அத்தோடு நிறுத்த வேண்டும். நான்கும் அந்தச் சொல்லின் பழக்கத்துக்கு நேர் எதிர். சொல் ஒரு பக்கம் இழுக்கிறது, பாடம் மறுபக்கம் இழுக்கிறது. பிள்ளைகள் சொல்லைத்தான் நம்புவார்கள், அதைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்.

சரி, வேறு சொல் போடலாமா என்று பார்த்தேன். ‘ஒப்புதல்’ என்றால் அலுவலகக் கோப்பு வாசனை வருகிறது. ‘இசைவு’ அழகான சொல், ஆனால் 14 வயதுப் பிள்ளை யாரும் அதைப் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் ‘சம்மதம்’ என்ற சொல்லையே வைத்துக்கொண்டேன். ஆனால் அதிகாரத்தின் முதல் வரியிலேயே அந்தப் பழமொழியைப் போட்டு, “இது சரியா? எங்கெல்லாம் இது பொய்யாகும்?” என்று பிள்ளைகளையே வாதாட விட்டேன். பயத்தில் ஒருவர் பேசாமல் இருப்பார், தூங்குகிறவர் பேசாமல் இருப்பார், என்ன சொல்வதென்று தெரியாமல் உறைந்து போனவரும் பேசாமல்தான் இருப்பார் என்று அவர்களே அடுக்கினார்கள். ஒரு பெண் எழுந்து, “பேசாம இருந்தா திமிர்னும் சொல்றாங்க, பேசுனா வாயாடின்னும் சொல்றாங்க, அதுலயும் இவங்களுக்குச் சம்மதம் வேற கிடைச்சிடுமா?” என்று கேட்டாள். மூன்று பக்க மொழிபெயர்ப்பு செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது.

சொற்களோடு இப்படி மல்லுக்கட்டியதில்தான் பாதிக் காலம் போனது. ‘பாலியல்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் படிக்கும் தமிழர் இந்தச் சொல்லை எதோடு சேர்த்துப் பார்க்கிறார்? பாலியல் தொல்லை, பாலியல் வன்கொடுமை, பாலியல் புகார். அப்புறம் ஒரு நாள் “உங்கள் பிள்ளைக்குப் பாலியல் கல்வி தரப்போகிறோம்” என்றால் அந்தப் பெற்றோர் மிரளாமல் என்ன செய்வார்? அந்த மிரட்சியைப் பிற்போக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல்லை அவர்கள் குற்றச் செய்திகளில் மட்டுமே சந்தித்திருக்கிறார்கள்.

உடலுக்கு வருவோம். ‘பிறப்புறுப்பு’ என்று ஒரு சொல்லில் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். சின்னப் பிள்ளைகளிடம் அதுவும் இல்லை, “அந்த இடம்” மட்டும்தான். எங்கோ வலிக்கிறது, யாரோ தொட்டார்கள் என்று ஒரு குழந்தை சொல்ல வேண்டி வந்தால், அதன் கையில் சொல் இருக்க வேண்டும். கண், காது, மூக்கு சொல்லிக் கொடுத்த அதே குரலில் ஆண்குறி, விதைப்பை, யோனி என்றும் சொல்லிக் கொடுத்தால் போதும். முதல் வகுப்பில் இந்தச் சொற்களை நான் சொன்னபோது என் குரல் தணிந்தது எனக்கே கேட்டது. பிள்ளைகளுக்கும் கேட்டிருக்கும். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகிக்கொண்டுதான் அடுத்த வகுப்புக்குப் போனேன்.

மாதவிலக்கு என்ற சொல்லுக்குள் விலக்கு இருக்கிறது. பேச்சு வழக்கில் ‘தூரம்’ என்றார்கள். இரண்டுமே அந்த நாள்களில் உடலில் என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை, அந்தப் பெண்ணை எங்கே நிறுத்தினார்கள் என்று சொல்கின்றன. கையேட்டில் ‘மாதவிடாய்’ என்று போட்டேன், வகுப்பில் பிள்ளைகள் ‘பீரியட்ஸ்’ என்றால் அதையே நானும் சொன்னேன். ஒரு காலத்தில் பத்திரிகைகள் சாதாரணமாக எழுதிய ‘கற்பழிப்பு’ இன்னொன்று. செய்தவனை விட்டுவிட்டு, அவளிடம் ஏதோ அழிந்துபோனதாகச் சொல்லும் சொல் அது. இன்று ‘வன்புணர்வு’, ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதுகிறோம். இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் தமிழில் எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும்தான். நம் பண்பாடு இதையெல்லாம் தாங்காது என்று யாராவது சொன்னால் இந்த ஒரு சொல்லின் கதையைத்தான் எடுத்துச் சொல்வேன்.

அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். கையேட்டைப் பார்வையிட்ட ஒரு குழுவில் ஒரு பெரியவர், மரியாதையாகத்தான், “எல்லாம் நல்லா இருக்கும்மா. நம்ம பண்பாட்டுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் மாத்திடுங்க” என்றார். எதை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். சிவப்புப் பேனாவால் குறித்த பக்கங்களைக் கொடுத்தார். எந்தப் பக்கத்திலும் மாற்றம் இல்லை. கருத்தடை, சுய இன்பம், ஆண்-பெண் அதிகாரம், தன்பால் ஈர்ப்பு என்று எல்லாம் வெட்டு. மிஞ்சியது, பருவ வயதில் உடல் வளரும், சுத்தமாக இருங்கள், நோய் வரும், ஜாக்கிரதை.

பல நாடுகளிலும் இதுதான் நடந்திருக்கிறது. நைஜீரியாவில் 2001-இல் தேசியப் பாலியல் கல்விப் பாடத்திட்டம் ஒன்று வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2003-இல் அது ‘குடும்ப வாழ்க்கை மற்றும் எச்.ஐ.வி. கல்வி’ ஆனது, பெயரோடு சேர்ந்து உள்ளடக்கமும் மெலிந்தது. இந்தியாவில் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட பல மாநிலங்கள் நிறுத்தின. அப்போது பெரிதாகப் பேசப்பட்டது பாடத்திலிருந்த படங்கள் பற்றி. அதே நாட்டில் ஜார்க்கண்டில் ‘உடான்’ என்ற பெயரில் பள்ளிகளில் ஒரு பாலியல் கல்வித் திட்டம் நடந்துகொண்டிருந்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், பாலியல் கல்வி மேற்கத்தியச் சரக்கு, நம் மதிப்பீடுகளுக்கு ஒவ்வாதது என்ற எண்ணம் தவறு என்று ஒரு தீர்ப்பில் எழுதியது. அந்தத் தீர்ப்பிலும் உடான் பற்றிய குறிப்பு உண்டு.

வெட்டும்போது எது முதலில் போகிறது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. உடலுறுப்புப் படங்களைக்கூட விட்டுவிடுவார்கள். “ஆண் என்றால் எப்படி இருக்க வேண்டும், பெண் என்றால் எப்படி, முடிவு யார் கையில்” என்று பேசும் பக்கங்கள்தான் முதலில் போகும். அதைப் ‘பிரசாரம்’ என்பார்கள். நிக்கோல் ஹேபர்லேண்ட் என்ற ஆய்வாளர் 2015-இல் 22 பாடத்திட்டங்களின் விளைவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஆண்-பெண் சமத்துவத்தையும் அதிகாரத்தையும் பற்றிப் பேசியவை 10. அவற்றில் 8, பால்வினை நோய்களையோ எதிர்பாராத கர்ப்பத்தையோ குறைத்திருந்தன. அதைப் பேசாத 12-இல் குறைத்தவை வெறும் 2. வேலை செய்கிற பகுதியையே பண்பாட்டின் பெயரால் வெட்டி எடுத்துவிட்டு, பிறகு “இந்தப் பாடத்தால் என்ன பயன்?” என்று கேட்கிறோம்.

2009-இல் வெளிவந்து 2018-இல் திருத்தப்பட்ட யுனெஸ்கோவின் பாலியல் கல்வி வழிகாட்டியை, உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் போன்ற ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து தயாரித்தார்கள். 5 வயதிலிருந்து 18-க்கு மேல் வரை நான்கு வயதுப் பிரிவுகள், 8 மையக் கருத்துகள். அந்த 8-இல் இரண்டாவது என்ன தெரியுமா? மதிப்பீடுகள், உரிமைகள், பண்பாடு. அதாவது பண்பாடு பாடத்துக்கு வெளியே நின்று வடிகட்டும் சல்லடை இல்லை. அது பாடத்துக்குள்ளேயே இருக்கிறது, பிள்ளைகள் எடுத்துப் பார்த்துப் பேச வேண்டிய ஒன்றாக. இப்படிப்பட்ட கல்வி பிள்ளைகளை உடலுறவை நோக்கித் தள்ளுவதில்லை என்பதையும் அதே வழிகாட்டி ஆய்வுகளை அலசிச் சொல்கிறது. பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் இதை மட்டும் நான் எந்தக் கூட்டத்திலும் விடுவதில்லை.

அப்படியென்றால் நல்ல மாற்றம் எப்படி இருக்கும்? நியூசிலாந்தின் கதை எனக்குப் பிடிக்கும். அங்கே மாவோரி மருத்துவரும் அறிஞருமான மேசன் டியூரி 1980-களில் நலவாழ்வை ஒரு வீடாக வரைந்து காட்டினார். நான்கு சுவர்கள்: உடல், மனம், குடும்பம், ஆன்மா. ஒரு சுவர் சாய்ந்தாலும் வீடு நிற்காது. 1999-இல் வந்த அந்நாட்டு உடல்நலப் பாடத்திட்டம் நலவாழ்வு பற்றிய இந்த மாவோரிக் கருத்தின் மேல் கட்டப்பட்டது. அதன் ஏழு கற்றல் பகுதிகளில் பாலியல் கல்வி ஒன்று. வெளியிலிருந்து வந்த பாடத்துக்கு உள்ளூர்ச் சாயம் பூசவில்லை, உள்ளூர் வீட்டுக்குள் பாடத்துக்கு ஓர் அறை கொடுத்தார்கள்.

உகாண்டாவில் பகண்டா மக்களிடையே ‘செங்கா’ என்று ஓர் உறவு உண்டு. அப்பாவின் சகோதரி. நாம் அத்தை என்போமே, அவர்தான். பருவம் எய்தும் பெண்ணுக்கு உடலையும் தாம்பத்தியத்தையும் பற்றிச் சொல்லிக் கொடுப்பது அவர் பொறுப்பு. எச்.ஐ.வி. பரவிய காலத்தில் இந்த வழக்கத்தையே கையில் எடுத்து, கிராமத்துப் பெண்கள் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, செங்காவாக இருந்து பெண் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ல வைத்துப் பார்த்தார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பரவசமாக இருந்தது. பிறகு நிதானித்தேன். செங்கா காலங்காலமாகச் சொல்லி வந்ததில் கணவனை எப்படித் திருப்திப்படுத்துவது, எப்படி அடங்கி நடப்பது என்பதும் உண்டு. ஆளை எடுத்துக்கொள்ளலாம், அவர் மேல் பிள்ளைக்கு இருக்கும் நம்பிக்கையை எடுத்துக்கொள்ளலாம், சொல்லும் செய்தியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கேயும் வழி நேராக இல்லை. 2016-இல் நாடாளுமன்றம் பாலியல் கல்விக்குத் தடை கேட்டது, 2018-இல் அரசு ஒரு தேசியச் சட்டகத்தை வெளியிட்டது, மதத் தலைவர்கள் அதையும் எதிர்த்தார்கள்.

பாகிஸ்தானில் கராச்சியைச் சேர்ந்த ‘ஆஹங்’ போன்ற அமைப்புகள் ‘வாழ்க்கைத் திறன் அடிப்படையிலான கல்வி’ என்ற பெயரில் வேலை செய்தன. பெற்றோரையும் ஆசிரியர்களையும் மத அறிஞர்களையும் முன்கூட்டியே உட்கார வைத்துப் பேசினார்கள். பெயரை மாற்றுவது கோழைத்தனம் என்று நான் முன்பு நினைத்ததுண்டு. இப்போது நினைப்பதில்லை. உள்ளே இருக்கும் பாடங்களின் பட்டியலைப் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டு வெளியே எந்தப் பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம். பட்டியலை மறைத்துவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் அது ஏமாற்று. ஒரு நாள் தெரியவரும், அன்றைக்கு எல்லாம் போய்விடும்.

இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பெயர்கள், படங்கள், கதைகள், பேச்சு வழக்கு எல்லாம் பச்சை, தாராளமாக மாற்றலாம். பாடங்களின் வரிசையை மாற்றுவது, புதிய செயல்பாடு சேர்ப்பது மஞ்சள், விவரம் தெரிந்தவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். வகுப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, பயிற்சி செய்து பழகும் பகுதியை எடுத்துவிட்டு வெறும் உரையாக ஆக்குவது, கருத்தடை பற்றிய உண்மைகளை நீக்குவது சிவப்பு. அந்தப் பெரியவரின் பேனாவும் சிவப்பு என்பது இப்போதுதான் தோன்றுகிறது.

பச்சையில் நாங்கள் நிறைய மாற்றினோம். மூலத்தில் ஒரு காட்சி: ஒரு விருந்தில் ஒரு பையனும் பெண்ணும் தனியாக நிற்கிறார்கள், முத்தமிடலாமா என்று அவன் கேட்கிறான். எங்கள் வகுப்பில் அந்தக் காட்சி ஒட்டவில்லை. பிள்ளைகள் அதை வேறு யாருக்கோ நடப்பதாக வேடிக்கை பார்த்தார்கள். உங்களுக்கு எது நடக்கும் என்று கேட்டோம். “ஃபோட்டோ அனுப்பு, அனுப்பலைன்னா என் மேல நம்பிக்கை இல்லையா”ன்னு கேட்பாங்க என்றார்கள். அதுதான் புதிய காட்சி ஆனது. சின்ன வகுப்புக்கு, பிள்ளை நெளிய நெளிய “மாமாவுக்கு ஒரு முத்தம் குடு” என்று பெரியவர்கள் சொல்லும் காட்சியை எழுதினோம். சம்மதப் பாடம் அந்த வயதிலேயே தொடங்கிவிடுகிறது. “வேண்டாம்னா கை கொடுக்கலாம், வணக்கம் சொல்லலாம்” என்று மாற்று வழியையும் சேர்த்தே எழுதினோம், மரியாதையை விட்டுவிடச் சொல்கிறோம் என்று பெற்றோர் நினைக்கக் கூடாது என்பதற்காக.

சட்டம் பற்றிய பக்கத்தில் கிட்டத்தட்டப் பெரிய பிழை செய்திருப்பேன். மூலத்தில் சம்மத வயது, அதாவது உடலுறவுக்கு ஒருவர் சொல்லும் சம்மதத்தைச் சட்டம் ஏற்கும் வயது, 16 என்றிருந்தது. இந்தியாவில், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி அது 18. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 16. ஒரே தமிழில் எழுதிய ஒரே பக்கம் ஒரு நாட்டில் சரி, இன்னொரு நாட்டில் ஒரு பிள்ளையை வழக்கில் மாட்டிவிடும். ‘தமிழுக்கு ஏற்றபடி’ என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது போதவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. இப்போது அந்தப் பக்கம் தனித் தாளாக இருக்கிறது, நாட்டுக்கு ஒன்றாக.

பெற்றோர் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எதிர்ப்பை எதிர்பார்த்துக் கைநிறையப் பதில்களோடு போயிருந்தேன். ஒரு அப்பா, “இதெல்லாம் சொன்னா கெட்டுப் போயிடாதா?” என்று கேட்டார். ஆய்வுகளைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு அம்மா நின்றார். “பசங்களுக்குச் சொல்றது இருக்கட்டும்மா. எனக்கு ரெண்டு பிள்ளை. அந்தப் படத்துல நீங்க காட்டினீங்களே, மூணு துவாரம் தனித்தனியா இருக்குன்னு. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். எங்களுக்கு ஒரு வகுப்பு எடுப்பீங்களா?” என்றார். எது நம் பண்பாடு, யார் அதன் குரல் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தச் சிவப்புப் பேனாவைவிட இந்த அம்மாதான் முதலில் நினைவுக்கு வருகிறார். அவருக்கான வகுப்பை அடுத்த மாதமே எடுத்தோம். 11 பேர் வந்தார்கள். கதவைச் சாத்தச் சொன்னார்கள், பிறகு இரண்டு மணி நேரம் கிளம்பவே இல்லை.

சம்மத அதிகாரத்தை மூன்றாவது முறையாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இந்த முறை காரணம் இன்னொரு சீட்டு. எங்கள் காட்சிகள் எல்லாவற்றிலும் பையன் கேட்கிறான், பெண் வேண்டாம் என்கிறாள். சீட்டில் இருந்தது இது: “எனக்குப் பிடிக்கலைன்னு நான் சொன்னா, நீ ஆம்பளையே இல்லன்னு ஃபிரெண்ட்ஸ் சொல்றாங்க. அப்ப நான் என்ன சொல்லணும் அக்கா?” அவனுக்காக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். வேண்டாம் என்று நண்பர்களிடம் சொல்ல அவனுக்குத் தோதான ஒரு வாக்கியம் வேண்டும், சொன்ன பிறகும் அவன் அந்தக் கூட்டத்தில் இருக்க முடிகிற வாக்கியம். நான் எழுதிய ஆறும் பெரியவர்கள் பேச்சாக இருக்கின்றன. வியாழக்கிழமை வகுப்பில் அந்த இடத்தைக் காலியாக விட்டுத் தாளைக் கொடுக்கப் போகிறேன், பையன்களே எழுதட்டும்.